தபால் பெட்டியில் உங்கள் பெயர்

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: அங்கே முக்கியமான எதுவும் கடிதமாகத்தான் வரும். வங்கி அட்டை ஓர் உறையில் வரும், அதன் ரகசிய எண் சில நாள் கழித்து இன்னோர் உறையில் வரும். காப்பீட்டு அட்டை, வரி எண், வெளிநாட்டினர் அலுவலகத்தின் அழைப்பு எல்லாம் வாசலில் வரிசையாக மாட்டியிருக்கும் தபால் பெட்டிகளில் ஒன்றில் வந்து விழும். பெட்டியின் மேல் உங்கள் பெயர் இல்லையென்றால் விழாது. "புதுசா வந்த பையன் எந்த ரூமு?" என்று நம் ஊர் தபால்காரர் மாதிரி பக்கத்து வீட்டில் விசாரிக்கும் வழக்கம் அங்கே இல்லை. அப்படி ஒருவர் இந்த முகவரியில் இல்லை என்று கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். கட்டடத்துக்குள் வீட்டு எண், மாடி எண் எழுதியும் பயனில்லை, ஏனென்றால் பெரும்பாலான கட்டடங்களில் வீட்டுக்கு எண்ணே கிடையாது. பெயர்தான் அடையாளம்.

இதில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் பெரும்பாலும் அப்பா பெயர் இருக்கும். உங்கள் பெயர் கார்த்திக், அப்பா பெயர் முருகேசன் என்றால் அங்கே எல்லாக் கடிதமும் 'திரு முருகேசன்' என்றுதான் வரும். பெட்டியில் கார்த்திக் என்று மட்டும் ஒட்டி வைத்தால் அது வேறு யாரோ என்றாகிவிடும். இரண்டு பெயரையும், பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக் கோர்வையில், பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். அழைப்பு மணிப் பலகையிலும் அப்படியே. குடும்பப் பெயர் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால் விசா ஸ்டிக்கரில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதையே பல்கலைக்கழகம், வங்கி, காப்பீடு எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் அப்பாவின் முழுப் பெயர் என்று மாற்றி எழுதினால் அந்த நாட்டுக் கணக்கில் நீங்கள் இரண்டு ஆள்.

பெட்டியைப் பற்றி முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் முதல் சில வாரங்கள் ஒரு சங்கிலி. வீடு இருந்தால்தான் நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு. பெரும்பாலான வங்கிகளில் பதிவு இருந்தால்தான் கணக்கு. கணக்கு எண் இருந்தால்தான், விசாவுக்காக ஓராண்டுச் செலவை முன்கூட்டியே கட்டிவைக்கும் பிளாக்ட் அக்கவுன்ட்டிலிருந்து மாதப் பணம். அந்தப் பணம் வந்தால்தான் அடுத்த மாத வாடகை. பதிவுச் சான்று கேட்காமல் கணக்குத் தொடங்கும் இணைய வங்கிகள் உண்டு, ஆனால் அவர்களுடைய அட்டையும் தபாலில்தான் வரும். ஊரில் இருக்கும்போதே இந்தச் சங்கிலியைக் கடைசிக் கண்ணியிலிருந்து பின்னோக்கி யோசித்துவிட்டால் அங்கே அலைச்சல் பாதியாகக் குறையும்.

வீடுதான் முதல் கண்ணி. பயணிகள் ஹாஸ்டல், ஹோட்டலில் தங்கிக்கொண்டு வீடு தேடலாம் என்று கிளம்புகிறவர்கள் அதிகம். அந்த முகவரிகளில் பொதுவாகப் பதிவு செய்ய முடியாது. மாணவர் விடுதிக்கு, பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன்பே விண்ணப்பித்துவிடுங்கள், காத்திருப்புப் பட்டியல் பல மாதம் நீளும். தனியார் அறை என்றால் முதல் கேள்வி வாடகை இல்லை: "இங்கே முகவரி பதிவு செய்ய முடியுமா?" முடியாது என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த அறை வேண்டாம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவார் என்று வரும் விளம்பரம் மோசடி. அந்த வலையில் ஆண்டுதோறும் மாணவர்கள் விழுகிறார்கள். நேரிலோ வீடியோவிலோ அறையைப் பார்க்காமல், ஒப்பந்தம் கைக்கு வராமல் ஒரு யூரோ கூட அனுப்பாதீர்கள்.

வாடகையில் இரண்டு எண் இருக்கும். 'கால்ட்' என்பது வெறும் அறைக்கு. 'வார்ம்' என்பது வெப்பமூட்டல், தண்ணீர், பொதுச் செலவு சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் வார்மில் அடங்குமா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பணம் அதிகபட்சம் மூன்று மாத கால்ட் வாடகை. அதை மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமையும் சட்டத்தில் உண்டு.

பிளாக்ட் அக்கவுன்ட் தொகை 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. விண்ணப்பிக்கும் நாளில் தூதரகம் கேட்கும் தொகையைப் பார்த்துக் கட்டுங்கள், அது அவ்வப்போது உயரும். ஆனால் இறங்கிய அன்று இந்தப் பணத்திலிருந்து ஒரு காசு கூட எடுக்க முடியாது. அதைத் திறக்க உள்ளூர்க் கணக்கு எண் வேண்டும், சரிபார்ப்புக்கும் நாளாகும். அதனால் முதல் மாத வாடகை, முன்பணம், சாப்பாடு, பல்கலைக்கழகக் கட்டணம் எல்லாவற்றுக்கும் தனிப் பணம் தேவை. கையில் 300 முதல் 400 யூரோ வரை 10, 20 நோட்டுகளாகவும், ஃபாரெக்ஸ் கார்டில் குறைந்தது 1,500 யூரோவும் வைத்துக்கொள்வது நல்லது. பேக்கரி, சின்னக் கடைகளில் சில இடத்தில் அட்டை வாங்க மாட்டார்கள். 100 யூரோ நோட்டை நீட்டினால் சில்லறை இல்லை என்பார்கள்.

ஊரை விட்டுக் கிளம்புமுன் உங்கள் வங்கியின் ஆப்பைத் திறந்து டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு 'ஆன்' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டு கைக்கு வரும்போது அது அணைந்தே இருக்கும். இந்திய சிம்மில் ரோமிங்கையும் போட்டுவிடுங்கள். டேட்டா தேவையில்லை, ஓடிபி குறுஞ்செய்தி வந்தால் போதும். அது வராவிட்டால் அங்கிருந்து சொந்தக் கணக்கிலேயே நுழைய முடியாமல், பணம் இருந்தும் இல்லாதவராக நிற்க நேரும். அங்கே ஏடிஎம்மோ கடை இயந்திரமோ "ரூபாயில் கழிக்கட்டுமா, யூரோவிலா?" என்று கேட்டால் யூரோ என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரக்காரர் வைப்பார், அதில் நமக்குத்தான் நஷ்டம்.

எந்தக் கிழமை இறங்குவது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை, டிக்கெட் மலிவாக இருக்கும் நாளைப் போட்டுவிடுகிறார்கள். விடுதிச் சாவி 'ஹவுஸ்மைஸ்டர்' என்கிற கட்டடப் பொறுப்பாளரிடம் இருக்கும். அவர் பெரும்பாலும் வார நாட்களில், அதுவும் குறிப்பிட்ட சில மணி நேரம்தான் இருப்பார். வெள்ளிக்கிழமை மாலை போய் நின்றால் திங்கட்கிழமை காலைதான் சாவி, நடுவில் மூன்று இரவு ஹோட்டல் செலவு. ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களிலும் விமான நிலையத்திலும் உள்ள சில கடைகள் விதிவிலக்கு. அக்டோபர் 3 தேசிய விடுமுறை. குளிர்காலப் பருவத்துக்குப் போகிறவர்கள் சரியாக அந்த வாரத்தில்தான் போய்ச் சேர்கிறார்கள். திங்கள் முதல் புதன் வரை ஏதாவது ஒரு நாள் காலையில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். இரண்டாயிரம் ரூபாய் கூடினாலும் பரவாயில்லை. சாவி வாங்கும் நேரத்தை மின்னஞ்சலில் உறுதி செய்துவிட்டு, அந்தப் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி கட்டும்போது ஒரு கணக்கு: 23 கிலோ பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு, ரயிலின் உயரமான படியேறி, இரண்டு நிமிடத்துக்குள் உள்ளே நுழைய வேண்டும். கூலியாள் கிடையாது, லிஃப்ட் பழுதாகியிருக்கலாம். இரண்டு பெரிய பெட்டியை விட ஒரு பெட்டியும் முதுகுப்பையும் நல்லது. சாப்பாட்டுப் பொருளில் நெய், பால் பவுடர், பால்கோவா, இறைச்சி வகை எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலை, காய்கறி, மாம்பழம் எல்லாவற்றுக்கும் தாவரநலச் சான்று கேட்பார்கள். கறிவேப்பிலையைப் பொடியாக அரைத்துக் கொண்டுபோங்கள். பருப்புப் பொடி, ரசப் பொடி, சாம்பார்ப் பொடி நல்ல துணை. புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் கைப்பையில் வைத்தால் 100 மில்லி விதியில் சென்னையிலேயே போய்விடும், பெரிய பெட்டிக்குள் வையுங்கள். அலுமினிய குக்கர் இண்டக்ஷன் அடுப்பில் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். நம் ஊர் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, இரண்டு முள் சார்ஜர் பெரும்பாலும் நுழையும். ஒரு அடாப்டரும், நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் இருந்தால் எல்லாவற்றையும் அதில் செருகிக்கொள்ளலாம். வழக்கமாக எடுக்கும் மருந்து மூன்று மாதத்துக்கு வரை, மருந்தின் வேதிப் பெயர் எழுதிய சீட்டோடு கொண்டுபோகலாம். ஒரு படுக்கை விரிப்பும் மெல்லிய போர்வையும் கட்டாயம். விடுதி அறையில் மெத்தை இருக்கும், தலையணையும் போர்வையும் இருக்காது.

சான்றிதழ்கள், அவற்றைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்று, அனுமதிக் கடிதம், பிளாக்ட் அக்கவுன்ட் உறுதிக் கடிதம், காப்பீடு, தங்குமிட ஒப்பந்தம் எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் காரியம் நிற்கக் கூடாது. குடியேற்றச் சோதனை எங்கே நடக்கும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சென்னையிலிருந்து நேராகவோ தோஹா, துபாய் வழியாகவோ போனால் ஜெர்மனியில் நடக்கும். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போனால் அங்கேயே முடிந்துவிடும், ஏனென்றால் ஒரே எல்லையாகச் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்குள் முதலில் கால் வைக்கும் இடம் அதுதான். அப்படி மாறுகிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி எடுக்காதீர்கள். விசாவில் தொடங்கும் தேதிக்கு முந்தைய நாள் போய் நின்றால் உள்ளே விட மாட்டார்கள். அதிகாரி கேட்பது மூன்று நான்கு கேள்விதான்: எதற்காக வந்தீர்கள், எந்தப் பல்கலைக்கழகம், எங்கே தங்குகிறீர்கள், செலவுக்கு என்ன வழி. ஆங்கிலத்தில் ஒரு வரியில் பதில் சொல்லி, கேட்ட தாளை மட்டும் எடுத்துக் கொடுங்கள். பதற்றத்தில் கோப்பு முழுவதையும் தூக்கிக் கொடுக்கிறவர்களுக்குத்தான் கேள்வி நீளும்.

பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி வேறு ஊருக்கு ரயிலில் போகிறவர்களுக்கு முதல் குழப்பம் நிலையத்திலேயே. விமான நிலையத்தில் இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. டெர்மினல் 1-க்கு அடியில் 1 முதல் 3 வரையுள்ள நடைமேடைகள் உள்ளூர் ரயிலுக்கு. பாலம் தாண்டிப் போனால் 4 முதல் 7 வரை தொலைதூர ரயிலுக்கு. நகர மையத்துக்கு எஸ்8, எஸ்9 உள்ளூர் ரயில்கள் கால் மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்கும்.

டிக்கெட்டில் 'ஸ்பார்பிரைஸ்' மலிவு, ஆனால் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். விமானம் தாமதமாகி ரயில் போய்விட்டால் பணமும் போனது. ரயிலே தாமதம் என்றால் கதை வேறு: 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகச் சேரும் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு நீங்கும், அடுத்த ரயிலில் ஏறலாம். தரையிறங்கிய பின் குறைந்தது மூன்று மணி நேரம் விட்டு ஸ்பார்பிரைஸ் எடுங்கள். இல்லையென்றால் அன்றைய எந்த ரயிலுக்கும் செல்லும் 'ஃப்ளெக்ஸ்பிரைஸ்' எடுத்துவிடுங்கள். முதல் பயணத்துக்கு மட்டும் இந்தக் கூடுதல் செலவு தகும் என்பேன். மலிவு டிக்கெட்டில் இருக்கை சேராது, தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நடைமேடையில் ஏ, பி, சி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும். உங்கள் ரயில் பெட்டி எந்த எழுத்துக்கு நேராக நிற்கும் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்து அங்கே போய் நில்லுங்கள். சில ரயில்கள் பாதி வழியில் இரண்டாகப் பிரியும். பெர்லினிலிருந்து வரும் ரயில் ஹாம் நிலையத்தில் பிரிந்து ஒரு பாதி கொலோனுக்கும் இன்னொரு பாதி டுசல்டார்ஃபுக்கும் போவது அப்படி. பெட்டியின் வெளித்திரையில் உங்கள் ஊர் பெயர் இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள்.

நகர ரயிலில் தடுப்புக் கதவு எதுவும் இல்லை, நேராக நடந்து ஏறிவிடலாம். அதனால் டிக்கெட் தேவையில்லை என்று அர்த்தமில்லை. சாதாரண உடையில் பரிசோதகர் ஏறுவார், டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ. பெர்லின், மியூனிக் போன்ற ஊர்களில் காகித டிக்கெட்டை வாங்கிய பிறகு நடைமேடையில் உள்ள சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டுக்கும் அதே 60. நாடு முழுக்க உள்ளூர்ப் போக்குவரத்துக்குச் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. அது ஐசிஇ, ஐசி என்கிற தொலைதூர வண்டிகளில் செல்லாது, நீங்களாக ரத்து செய்யும்வரை மாதாமாதம் தொடரும். பல பல்கலைக்கழகங்களில் பருவக் கட்டணத்திலேயே பயணச் சீட்டு சேர்ந்திருக்கும். அதைக் கேட்காமல் இதை வாங்காதீர்கள்.

சாவி கையில் வந்ததும் ஒப்படைப்புப் படிவம் ஒன்றைக் கொடுப்பார்கள். கையெழுத்துப் போடுமுன் சுவர்க் கறை, மேசைக் கீறல், உடைந்த கைப்பிடி எல்லாவற்றையும் அதில் எழுதச் சொல்லி, போட்டோவும் எடுத்துவிடுங்கள். எழுதாத கீறல் போகும்போது உங்கள் முன்பணத்தில் கழியும். அடுத்து கதவைப் பாருங்கள். உள்ளே கைப்பிடி, வெளியே திரும்பாத குமிழ். காற்றில் சாத்திக்கொண்டால் போதும், சாவி இல்லாமல் திறக்காது. குப்பை போட நைட்டியோடு வெளியே வந்த நேரத்தில் கதவு சாத்திக்கொண்டால், ஞாயிறு இரவில் பூட்டுக்காரர் நூற்றுக்கணக்கான யூரோ கேட்பார். வாசல் தாண்டும்போது சாவி கழுத்திலோ பையிலோ இருக்கட்டும். கட்டடம் முழுக்க ஒரே பூட்டு வரிசை என்றால், சாவி தொலைந்தால் பல பூட்டுகளை மாற்றும் செலவு உங்கள் தலையில் விழக்கூடும். ஹீட்டர் குமிழில் 1 முதல் 5 வரை எண் இருக்கும். 3 என்பது ஏறத்தாழ 20 டிகிரி. 5-ல் வைத்தால் சீக்கிரம் சூடாகாது, அதிக சூட்டில் போய் நிற்கும், அவ்வளவுதான். சமைத்த ஈரமும் குளித்த ஈரமும் வெளியேற, தினம் இரண்டு மூன்று முறை ஐந்து நிமிடம் ஜன்னலை முழுக்கத் திறந்து மூடுங்கள். சோறு வடித்து, குழம்பு கொதிக்கும் நம் அறைகளில் இதை விட்டால் ஒரே குளிர்காலத்தில் மூலையில் கறுப்புப் பூசணம் பிடிக்கும்.

அன்றே தபால் பெட்டியில் பெயர் ஒட்டுங்கள். விடுதியில் பொறுப்பாளரே அச்சடித்துத் தருவார். இன்னொருவர் வீட்டில் தங்கினால், உங்கள் பெயர் ஏறும்வரை முகவரியில் அந்த வீட்டுக்காரர் பெயரைக் 'கேர் ஆஃப்' என்று சேர்த்து எழுதுங்கள்.

குடியேறி இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு, அதாவது 'ஆன்மெல்டுங்', செய்ய வேண்டும். பாஸ்போர்ட், பூர்த்தி செய்த படிவம், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிச் சான்று ஆகிய மூன்றும் தேவை. வாடகை ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துப் போய்த் திரும்பி வருகிறவர்கள் நிறைய. அந்த உறுதிச் சான்று வேறு தாள், சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். பெரிய ஊர்களில் நேரம் கிடைப்பது கடினம். ஊரிலிருந்தே இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். காலை அலுவலகம் திறக்கும் நேரத்தில் ரத்தான இடங்கள் தென்படும். பெர்லினில் எந்தப் பகுதி அலுவலகத்துக்கும் போகலாம். படிவத்தில் மதம் கேட்கும் இடத்தைத் தெரிந்து எழுதுங்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று பதிவானால், பின்னால் வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கும்போது அந்த வரியில் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரியாகக் கழியும். சான்று கையில் வந்ததும் அங்கேயே நின்று பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் பாருங்கள். அங்கே தவறிய எழுத்து வரி எண்ணுக்கும் போகும். அந்த 11 இலக்க வரி எண் சில வாரத்தில் தபாலில் வரும், பகுதிநேர வேலைக்கு அதுதான் முதலில் கேட்கப்படும்.

காப்பீட்டில் ஒரு பொறியைச் சொல்லியாக வேண்டும். 30 வயதுக்கு உட்பட்ட மாணவர்கள் மாணவர் கட்டணத்தில் அரசுக் காப்பீட்டில் சேரலாம், மாதம் 140 முதல் 160 யூரோ ஆகும். அதைவிட மலிவு என்று தனியார் திட்டத்தை முகவர்கள் விற்பார்கள். அதற்காக அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டால், படிப்பு முடியும்வரை திரும்ப உள்ளே வர முடியாது. பல்லுக்கோ அறுவை சிகிச்சைக்கோ செலவு வரும்போதுதான் அந்த மலிவின் விலை தெரியும். நீங்கள் சேர்ந்த காப்பீட்டு நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கு மின்னணு முறையில் தகவல் அனுப்பினால்தான் சேர்க்கை முடியும். 'எம்10' அனுப்பிவிட்டீர்களா என்று கேளுங்கள், புரிந்துகொள்வார்கள். இறங்கிய நாளிலிருந்து அரசுக் காப்பீடு தொடங்கும் நாள்வரை பயணக் காப்பீடு இடைவெளியில்லாமல் இருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 112. இரவில் காய்ச்சல், மருத்துவமனைக்கு ஓடும் அளவுக்கு இல்லை என்றால் 116117.

விசா பெரும்பாலும் சில மாதத்துக்குத்தான். வெளிநாட்டினர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கு அது முடியுமுன் விண்ணப்பித்தாக வேண்டும். சந்திப்பு நாள் தள்ளிப்போனாலும் விண்ணப்பித்த மின்னஞ்சலும் தேதியும் கையில் இருக்கட்டும். முகவரிப் பதிவு முடிந்த அன்றே விண்ணப்பித்துவிடுவது உத்தமம்.

ஓரிரு மாதம் கழித்து பெட்டியில் இன்னொரு கடிதம் வரும், வானொலி–தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு. டிவி இல்லையே என்று தூக்கிப் போடாதீர்கள். ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரே வீட்டைப் பகிர்ந்து கொள்கிறவர்களில் ஒருவர் கட்டினால் போதும். அவருடைய கட்டண எண்ணைக் கேட்டு வாங்கி, வந்த படிவத்திலேயே குறித்து அனுப்பிவிட்டால் உங்களுக்கு அடுத்த கடிதம் வராது. பதில் போடாமல் விட்டால் அபராதத்தோடு வரும், அதுவும் அப்பா பெயருக்கு.